இதுல மேட் இல்ல சார்

மலேசியாவில் பகாவ் ஊருக்கு வெளியே ஓர் எண்ணெய்ப்பனை ஆலையில் நான் எடை மேடைக் கிராணி. பழம் ஏற்றி வரும் லாரி மேடையில் ஏறி நிற்கும். நான் எடையைக் கணக்கில் குறித்ததும் இறங்கிப் போகும். மழைக்காலத்தில் அடுத்த லாரி வர அரை மணி நேரம்கூட ஆகும். அந்த இடைவெளியில் போனில் செஸ் புதிர் போடுவேன். இரண்டு நகர்த்தலில் மேட், மூன்று நகர்த்தலில் மேட். ஆறு வருடப் பழக்கம் இது.

தமிழ்ப்பள்ளியில் காய் நகர்த்தக் கற்றதோடு சரி, அதற்கு மேல் யாரும் சொல்லித் தரவில்லை. ஆரம்பத்தில் ஒவ்வொரு காயையும் மனசுக்குள் நகர்த்திப் பார்த்துத் திணறுவேன். ஆயிரக்கணக்கில் போட்ட பிறகு கண் தானாகவே போய் நிற்க ஆரம்பித்தது. ராஜா கடைசி வரிசையில் இருந்து, அவனுக்கு முன்னால் மூன்று சிப்பாய்கள் அசையாமல் நின்றால், என் கண் உடனே யானையைத் தேடும். இந்த அமைப்புகளுக்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் உண்டு என்பது எனக்குத் தெரியாது. நானே பெயர் வைத்துக்கொண்டேன். இது ‘கதவில்லாத வீடு’. மூலையில் ராஜாவை அவனுடைய காய்களே சுற்றி அடைத்து நிற்க, எதிரிக் குதிரை தாவி வந்து மேட் வைக்கும் இன்னொன்று ‘சொந்தக்காரங்க’.

போன வருடம் சிரம்பானில் ஒரு செஸ் மன்றம் புதிர்ப் போட்டி வைத்தது. ஒரு மணி நேரம், இருபது புதிர்கள், யாரும் கலந்துகொள்ளலாம். ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை பார்க்கும் என் கணவர்தான் பெயர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினோம். வாசலிலேயே எல்லாருடைய போன்களையும் வாங்கி ஒரு கூடையில் போட்டு நடுவருடைய மேசைமேல் வைத்துவிட்டார்கள். என்னுடையதும் அதில்தான் இருந்தது.

இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன். எழுந்து போய்த் தாளை நீட்டினேன். நடுவர் ஓய்வுபெற்ற அதிகாரி, நம் தமிழ் ஆள்தான். தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“எங்கேர்ந்து வரீங்க?”

“பகாவ் பக்கம் எஸ்டேட்டுங்க சார்.”

“யார் சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல சார். போன்ல போட்டுப் போட்டுப் பழகினது.”

“அதான் கேக்குறேன். இன்னிக்கும் போன்லதான் பாத்தீங்களா?”

“என் போன் உங்க மேசைலதான இருக்கு சார்” என்றேன். அவர் கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ரெண்டு போன் வச்சிருக்கிறவங்களும் இருக்காங்களே” என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி.

நேரம் முடிந்ததும் மற்றவர்களின் விடைத்தாள்களைச் சுவரில் ஒட்டினார்கள். என்னுடையது மட்டும் அவர் கையிலேயே இருந்தது. இருபதும் சரி என்பதை அவரே சொன்னார். சொல்லிவிட்டு, “ஒரு சின்ன செக்கிங் பண்ணிடுவோம். முன்னால வாங்க” என்று கூப்பிட்டார். அங்கே முப்பது பேராவது இருந்திருப்பார்கள். வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை. என் பக்கத்து மேசையில் இருந்த கல்லூரி மாணவர் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்திருந்தார். அவரை யார் கேட்டார்கள்?

சுவரில் மாட்டியிருந்த பெரிய பலகையில் ஒரு புத்தகத்தைப் பார்த்துக் காய்களை வைத்தார். முதல் நான்கையும் பார்த்தவுடன் சொன்னேன். மூன்றாவதைச் சொன்னதும், “இந்தப் பேட்டர்னுக்குப் பேர் என்ன?” என்றார்.

“நான் கதவில்லாத வீடுன்னு சொல்லுவேன் சார்.”

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “பேரே தெரியல. ஆனா விடை மட்டும் தெரியுதாம்!”

ஐந்தாவதை வைத்தார். கறுப்பு ராஜா மூலையில், அவனைச் சுற்றி அவனுடைய காய்கள். பார்த்தால் என் ‘சொந்தக்காரங்க’ மாதிரியேதான் இருந்தது. ராணியைப் பலி கொடுத்து, ராஜா பக்கத்தில் யானையை இழுத்துவிட்டுக் குதிரையால் மேட் வைக்க வேண்டும். ஆனால் குதிரை போய் நிற்க வேண்டிய கட்டத்தில் என் கண் நிற்கவே மாட்டேன் என்றது. இன்னொரு முறை பார்த்தேன்.

“இதுல மேட் இல்ல சார்.”

“இதுதான் இருக்கிறதிலேயே ஈஸி” என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். “பாத்தீங்களா? இப்ப வெளிய வந்துருச்சு.”

“இல்ல சார். குதிரை அங்க வந்தா அந்த பிஷப் வெட்டிடும். நீங்க பிஷப்ப ஒரு கட்டம் தள்ளி வச்சிட்டீங்க.”

முன்வரிசையில் இருந்த ஒரு சீன ஆசிரியை எழுந்து வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தார். “பெத்துல்லா, கரெக்ட்தான் சார். இவர் சொல்றது சரி” என்றார், மலாயும் நம் பேச்சும் கலந்து. நடுவர் பிஷப்பை எடுத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தார். ஒரு வார்த்தை மன்னிப்பு? கிடையாது. “ஓகே, ஓகே” என்று புத்தகத்தை மூடினார்.

அதற்குப் பிறகு அவர் அறிவித்ததுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. “பிரச்சனை வேண்டாம்” என்பதால் முதல் பரிசு எனக்கும் அந்தக் கல்லூரி மாணவருக்கும் சேர்த்தாம். பிரச்சனையைக் கிளப்பியது யார்? மூன்று நிமிடம் முன்னால் முடித்தவள் நான். நேரம் தாளிலேயே எழுதியிருந்தது.

“வாங்கிட்டு வா, போதும்” என்று கணவர் முனகினார்.

நான் வாங்கவில்லை. “கப்பு வேணாம் சார். என் தாளச் சுவத்துல ஒட்டுங்க, மத்தவங்களோடது மாதிரி” என்றேன். அவர் அசையவில்லை. சீன ஆசிரியைதான் அவர் கையிலிருந்து தாளை வாங்கி, நடுவில் ஒட்டினார். கைதட்டியவர்கள் ஐந்தாறு பேர். மற்றவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து மீஹூன் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

திரும்பும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். “இனிமே போக வேணாம், விடு” என்றார் கணவர். அது எனக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. நான் ஏன் போகாமல் இருக்க வேண்டும்?

இந்த வருடமும் போனேன். அதே நடுவர். இருபது நிமிடம் தாண்டியபோது எல்லாப் புதிரையும் போட்டு முடித்துவிட்டேன். ஆனால் நான் எழவில்லை. பென்சிலை வாயில் வைத்து, யோசிப்பவள் மாதிரி, போட்ட புதிரையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாராவது முதலில் எழட்டும் என்று காத்திருந்தேன். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனிதர் இல்லாத திருட்டை என்மேல் சுமத்தினார். நானோ திருடி மாதிரியே நடிக்கப் பழகியிருந்தேன்.

நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிவிட்டு எழுந்தேன். தாளை அவர் முன்னால் வைத்து, “டைம் எழுதுங்க சார்” என்றேன். எழுதினார். எதுவும் கேட்கவில்லை.

பதினேழாவது புதிரில் தவறிவிட்டேன். ராணியின் ஒரு வழியைப் பார்க்காமல் விட்டிருந்தேன். இரண்டாவது பரிசு. அது என் தவறு, அதற்கு யார்மேலும் எனக்குக் கோபமில்லை. கப்பை வாங்கிக்கொண்டேன்.