பாதியில் சிக்கிய வால்வு

க்ளெனிஸ் ஓல்ட்ராய்ட் இதுவரை பார்த்த வேலைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். பதினெட்டு வயதில் சலவைக்கடை. கல்யாணத்துக்குப் பிறகு ரொட்டிக்கடை, அதுவும் அடுப்புக்குப் பக்கத்திலேயே. அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் இங்கிலாந்தின் பாட்லி ஊர் நீச்சல்குளத்தில் சீட்டுக் கொடுக்கிற ஜன்னல். சம்பளம் எங்கேயும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் மூன்று இடமும் கதகதவென்று இருக்கும். "உனக்கு நீச்சல்னா அவ்வளவு பிடிக்குமா?" என்று யாராவது கேட்டால், "தண்ணியில கால் வச்சதே இல்ல" என்பாள்.

கல்யாணமான பிறகும் வேலைக்குப் போனதே வீட்டுக் குளிருக்குப் பயந்துதான். குளிருக்குக் காரணம் நெவில், அவள் புருஷன். நெவிலுக்குக் காரணம் க்ளோவர் வரிசை.

க்ளோவர் வரிசையில் ஒன்றோடொன்று ஒட்டிய ஒன்பது வீடுகள். ஒன்பது வீட்டுப் பாய்லர்களின் புகைக்குழாயும் பின்பக்கச் சுவரில் ஒரே உயரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். வெந்நீர் திறந்தால் கொஞ்ச நேரம், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங்கைப் போட்டால் மணிக்கணக்கில் அதிலிருந்து வெள்ளையாக ஆவி வரும், சந்து முழுக்கத் தெரியும். இலையுதிர்காலத்தில் எந்த வீடு முதலில் ஹீட்டிங் போடுகிறதோ அந்த வீட்டுப் பின்கதவில் ஓர் இளஞ்சிவப்புக் கம்பளித் தொப்பியை ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். உச்சியில் பந்து வைத்த தொப்பி. அடுத்த வருஷம் வேறொரு வீடு தோற்கிற வரை அது அங்கேயேதான் தொங்கும். யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் ஒருவரும் விட்டுக்கொடுப்பதில்லை. அடுத்த வீட்டு ட்ரெவர் ஹிர்ஸ்ட் மூன்று தடவை தோற்றவன். அந்த மூன்று வருஷமும் அவன் முன்கதவு வழியாகத்தான் வந்துபோனான்.

நெவில் வீட்டுக்கு முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தொப்பி வந்ததில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு வேறு பெருமை என்ன இருக்கிறது? "குளிருதா? இன்னொரு ஸ்வெட்டர் போடு" என்பதுதான் அவன் வேதம். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு அக்டோபரில் க்ளெனிஸால் கையை மடக்கவே முடியாது.

இந்த வருஷம் க்ளெனிஸும் ஓய்வு பெற்றாள். முதல் முறையாக ஒரு முழு அக்டோபரை வீட்டிலேயே கழிக்க வேண்டும். ஜூலையிலிருந்தே அவள் ஸ்வெட்டர்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் முழங்காலில் ஏதோ இதமாகப் பட்டது. திரும்பிப் பார்த்தால் சமையலறை ரேடியேட்டர், பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்குகிற சுவர்த்தகடு. தொட்டாள், வெதுவெதுப்பு. ஹீட்டிங் சுவிட்சைப் பார்த்தாள், அணைந்துதான் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த வெந்நீர்க் குழாயை மூடினாள், கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் ஆறிவிட்டது. வெந்நீர்க் குழாயைத் திறந்தாள், மறுபடி சூடு ஏறியது.

க்ளெனிஸ் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து அவள் தட்டு கழுவுவதைப் பார்த்தால் வீட்டில் தினமும் கல்யாண விருந்து நடக்கிறது என்று நினைக்கத் தோன்றும். காலையில் ஒரு தடவை, பதினொரு மணிக்கு ஒரு தடவை, மதியம் இரண்டு தடவை. அழுக்குத் தட்டு தீர்ந்துபோனால் அலமாரியிலிருந்து சுத்தமான தட்டை எடுத்துக் கழுவினாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் எடுக்கிற தங்கக்கரைத் தட்டுகளையும் விடவில்லை. குழாயில் வருகிற தண்ணீர் முன்னைப்போலக் கொதிக்கவில்லை, அதைப் பற்றி அவளுக்கென்ன? சில நாள், தட்டு கழுவுகிற தொட்டியில் தான் வைத்ததைவிட இரண்டு மூன்று கோப்பை கூடுதலாகக் கிடக்கிற மாதிரி இருக்கும். வயசாகிறது, மறந்திருப்போம் என்று அதையும் சேர்த்துக் கழுவினாள்.

நெவிலும் அந்த மாதம் படு சுத்தமாகிவிட்டான். காலையும் மாலையும் சவரம், ஒவ்வொன்றும் அரைமணி நேரம். "பாத்தியா, வீடு எப்படி இதமா இருக்கு! ஸ்வெட்டர் போட்டா போதும்னு நான் சொல்லலை?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் க்ளெனிஸ். அப்படி அவள் சொன்னது கல்யாணமாகி அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டு அவன் பயந்திருக்க வேண்டும்.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை ட்ரெவர் பின்கதவைத் தட்டினான். கையில், போன வருஷம் தோற்ற வீட்டிலிருந்து கழற்றிவந்த தொப்பி.

"உங்க புகைக்குழாய்லேர்ந்து ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஆவி வருது. நான் நேரம் குறிச்சு வச்சிருக்கேன்."

"தட்டு கழுவுறோம்யா" என்றான் நெவில்.

"ரெண்டு பேருக்கு நாலு மணி நேரமா? தட்டுல சாப்பிடுறீங்களா, தட்டைச் சாப்பிடுறீங்களா?"

"உள்ள வந்து சுவிட்சைப் பாரு. அணைஞ்சிருக்கா இல்லையா?"

ட்ரெவர் சுவிட்சைப் பார்த்தான். அணைந்திருந்தது. பிறகு நேராகப் போய் ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைத்தான். பதினொரு மணிக் கழுவல் அப்போதுதான் முடிந்திருந்தது. அவன் முகத்தில் பரவிய சந்தோஷத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இது என்ன, நெவில்? ஸ்வெட்டர் போட்ட ரேடியேட்டரா?"

நெவிலின் முகம் அந்தத் தொப்பியின் நிறத்துக்கு வந்துவிட்டது. "பாய்லர்ல ஏதோ கோளாறு. ஆளைக் கூப்பிட்டு நிரூபிச்சுக் காட்டுறேன். அதுவரைக்கும் அந்தத் தொப்பியை உன் பையிலயே வச்சுக்க" என்றான்.

செவ்வாய்க்கிழமை ஷகீல் வந்தான். நாற்பது வயது, ஊரில் பாதிப் பாய்லர் அவன் கைபட்டது. சின்ன வயசில் நீச்சல்குளத்தில் நேரம் முடிந்த பிறகும் அவனை வெளியே அனுப்பாமல் விட்டவள் க்ளெனிஸ். அதனால் அவனுக்கு இவள் ஆன்ட்டி. மூன்று கரண்டி சர்க்கரை போட்ட தேநீரை அவன் கையில் கொடுத்துவிட்டு, குற்றவாளியைப் போலப் பக்கத்திலேயே நின்றாள்.

பாய்லரின் முன்தகட்டைக் கழற்றிப் பத்து நிமிஷத்தில் ஷகீல் கண்டுபிடித்துவிட்டான்.

"இந்த வால்வுதான். வெந்நீர் குழாய்க்குப் போகணுமா ரேடியேட்டருக்குப் போகணுமான்னு திருப்பிவிடுறது இதோட வேலை. பாதியில சிக்கிக்கிச்சு. குழாயைத் திறந்தா ரெண்டு பக்கமும் போகுது. இதுக்கு ரெண்டு வழி இருக்கு. கழட்டிச் சுத்தம் பண்ணி உள்ளே ரப்பரை மட்டும் மாத்தலாம். ஆனா திரும்பச் சிக்காதுன்னு சொல்ல முடியாது. இல்லேன்னா மொத்தமா புதுசு போட்டுடலாம். அப்புறம் தொந்தரவே இருக்காது."

"மூணாவது வழி?" என்றாள் க்ளெனிஸ்.

"மூணாவதா?"

"அப்படியே விட்டுடறது."

ஷகீல் அவளைப் பார்த்தான். ரேடியேட்டர்மேல் காய்ந்துகொண்டிருந்த ஆறு ஜோடி சாக்ஸைப் பார்த்தான். பிறகு தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "விட்டா கொஞ்ச நாள்ல குழாய்ல வெந்நீரே வராது, ஆன்ட்டி" என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அப்போ ரிப்பேர் பண்ணிடு, கண்ணு. நல்ல பொருளை எதுக்குத் தூக்கிப் போடணும்?"

சொன்னவள் யார் தெரியுமா? பழைய கெட்டிலைக் குப்பையில் போட இருபது வருஷம் சண்டை போட்டவள். நெவிலோ, அந்தக் கெட்டிலின் கைப்பிடியை டேப் சுற்றிச் சுற்றியே காப்பாற்றியவன். மூக்குக்கண்ணாடியைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பவன், கிழிந்த செருப்புக்கு சைக்கிள் டியூப் ஒட்டுபவன். அவன் ரிப்பேர் என்றுதான் சொல்வான் என்று க்ளெனிஸ் நிம்மதியாக இருந்தாள். கடவுள் புண்ணியத்தில் ஒரே மாதத்தில் மறுபடி சிக்கிக்கொள்ளும்.

"புதுசு போட்டுடு" என்றான் நெவில்.

க்ளெனிஸ் கையிலிருந்த துடைக்கிற துணி கீழே விழுந்தது. "என்னது?"

"புதுசு. பழசைக் கழட்டி என் கையில குடு."

"நெவில், உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? ரப்பரை மாத்தினா போதும்னு அவனே சொல்றான்."

"ரிப்பேர் பண்ணா அது திரும்ப உள்ள போயிடும். நான் ட்ரெவர்கிட்ட எதைக் காட்டுறது? என் வாயையா?"

க்ளெனிஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சிக்கனம் என்றாள், பூமிக்குக் கேடு என்றாள், அந்தக் காலத்துப் பித்தளைக்கு ஈடுண்டா என்றாள். பித்தளை இல்லை, அதில் முக்கால்வாசி பிளாஸ்டிக் என்று ஷகீல் சொன்னபோது அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. இவனையா குளத்தில் கூடுதல் நேரம் விட்டோம்!

மதியத்துக்குள் புது வால்வு ஏறியது. பழையதை நெவில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வீடு வீடாக எடுத்துப்போய்க் காட்டினான். எட்டு வீட்டுக்காரர்களும் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஓல்ட்ராய்ட் குற்றமற்றவன் என்று தீர்ப்பு சொன்னார்கள். ட்ரெவர் மட்டும் அதை விளக்குக்கு நேராகப் பிடித்து நீண்ட நேரம் பார்த்தான். "இதை என்ன பண்ணப் போற?" என்றான். "எதுக்குக் கேக்குற?" என்றான் நெவில். "சும்மாதான்" என்றான் ட்ரெவர்.

அன்று சாயங்காலம் க்ளெனிஸ் ஒரு மணி நேரம் தட்டு கழுவினாள். தண்ணீர் கொதித்தது, கை சிவந்தது. ரேடியேட்டர் மட்டும் செத்த மீனைப் போல ஜில்லென்று கிடந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் குளிரைத் தாங்கியாயிற்று. இரண்டு வாரம் வெதுவெதுப்பைப் பார்த்துவிட்டு மறுபடி தாங்குவதுதான் முடியவில்லை.

மறுநாள் காலை மூன்று ஸ்வெட்டரோடு சமையலறைக்கு வந்தாள். ராத்திரி படுக்கப்போகும்போது தொட்டியைக் காலியாக விட்டுவிட்டுப் போனது நன்றாக நினைவிருந்தது. இப்போது அதில் ஐந்து கோப்பைகள். ஒன்றில்கூடத் தேநீர்க் கறை இல்லை, எல்லாம் காய்ந்து பளபளவென்று இருந்தன. ஆறாவது கோப்பை நெவிலின் கையில். அலமாரிக்கும் தொட்டிக்கும் நடுவில், பழக்கதோஷத்தில், அதை ஏந்திக்கொண்டு நின்றான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எத்தனை நாளாத் தெரியும்?" என்றாள் க்ளெனிஸ்.

"என்ன தெரியும்?"

"நெவில்!"

"நீ தங்கக்கரைத் தட்டைக் கழுவின அன்னியிலேர்ந்து." கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தான். "நானும் அதுக்காகத்தான் ரெண்டு வேளை சவரம் பண்ணேன். கன்னம் எரியுது."

"உனக்கும் குளிருமா?"

"குளிராதா பின்ன? நான் என்ன பனிக்கரடியா?"

"அப்போ இத்தனை வருஷமா?"

நெவில் ஜன்னல் வழியாக ட்ரெவர் வீட்டுப் பக்கம் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் தலைக்கேறியது. ஒரு தொப்பிக்காக நான் வாழ்நாள் பூராவும் யாரோ நீந்துவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனா?

நேராகப் போய் ஹீட்டிங் சுவிட்சைத் தட்டினாள். பாய்லர் லேசாக உறுமியது.

"ஐயோ, ட்ரெவர் பாத்துடுவான்!"

"பாக்கட்டும். அவன்கிட்டேர்ந்து அந்தத் தொப்பியை வாங்கிட்டு வா. கதவுக்குக் குளிராது, எனக்குத்தான் குளிருது. நான் போட்டுக்கிறேன்."

பின்கதவைத் திறந்து வெளியே வந்து நின்றாள். நெவிலும் வந்தான், கையில் இன்னும் அந்தக் கோப்பை. அவர்கள் தலைக்கு மேல் வெள்ளையாக ஆவி கிளம்பியது. பிறகு ட்ரெவர் வீட்டு மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஓல்ட்ராய்ட் போட்டுட்டான்! ஓல்ட்ராய்ட் போட்டுட்டான்!" என்று சந்து அதிரக் கத்தினான். கத்திய வேகத்திலேயே உள்ளே திரும்பி, "போடு, போடு, சீக்கிரம் போடு!" என்று பெண்டாட்டியிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

அவன் வீட்டு ஆவி வர அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்கடுத்த வீடு, அதற்கடுத்தது. ஐந்து நிமிஷத்தில் க்ளோவர் வரிசையில் ஒன்பது குழாயும் புகைந்துகொண்டிருந்தன.

"எல்லாரும் சுவிட்ச்மேல கையை வச்சுக்கிட்டே இருந்திருக்காங்க" என்றாள் க்ளெனிஸ்.

நெவில் மேல் ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு தொப்பி வாங்கிவர அடுத்த வீட்டுக்கு நடந்தான்.