பக்கத்து ஒயர்

கரண்ட் வேலையில் நாம் தொடாத ஒயருக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். டெஸ்டரைச் சட்டைப்பையில் சொருகித் திரியும் என் சக பாவிகளுக்கு இது தெரியும். எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது.

அணைத்தும் எரிந்த பல்பு

தண்டையார்பேட்டை மளிகைக்கடை குடோனில், சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிகிறது என்று கூப்பிட்டார்கள். நானும் என் கூட்டாளி தேவராஜும் போனோம். ஒரே பைப்பில் இரண்டு ஒயர் நெடுக ஒட்டிக்கொண்டு போனால், ஓடுகிற ஒயரிலிருந்து ஓடாத ஒயரிலும் கொஞ்சம் கரண்ட் ஏறும். "இண்டக்‌ஷன்தான், ஒன்றும் செய்யாது" என்று பெரிய விஞ்ஞானி மாதிரி சொன்னேன். கடைக்கார அண்ணாச்சி பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் செய்யாதுன்னா, அது ஏன் தம்பி எரியுது?"

முனகிய ஸ்பீக்கர்

ராயபுரத்தில் சர்ச் திருவிழா. அழகாக இருக்கட்டும் என்று மைக் ஒயரையும் விளக்கு ஒயரையும் சேர்த்துக் கட்டினேன். தள்ளிக் கட்டு என்று தேவராஜ் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஃபாதர் வாயைத் திறக்கும் முன்பே ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இழுத்தது. தேவராஜ் ஓடிப்போய் இரண்டையும் பிரித்த பிறகுதான் அடங்கியது. சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை என்னிடம் வந்தார்.

"ஃபாதருக்கு முன்னாடி உன் ஒயரு ஜெபம் பண்ணுதேப்பா!"

ஏணி மேல்

எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட் நெடுக இரண்டு பெரிய கேபிள்கள் பக்கத்தில் பக்கத்தில் போயின. ஒன்றை நானே அணைத்துப் பூட்டினேன். மற்றதில் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்திலிருந்து ஏறும் கரண்ட் மண்ணில் இறங்கிவிட, அணைத்த கேபிளையும் எர்த்தில் கட்டிவிட்டுத்தான் தொட வேண்டும், அதுதான் முறை. எர்த் ஒயர் என் பையில் இருந்தது, பை ஐம்பது அடி தள்ளி இருந்தது.

ஏணி மேலிருந்து தேவராஜ் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். "மாமு, லைட்டா எரியுது. எர்த் கட்டிடு" என்றான். நல்ல வெயில், எனக்குச் சோம்பல். "இண்டக்‌ஷன்தான்டா, ஒண்ணியும் செய்யாது, புடி" என்றேன். பிடித்தான். கை உதறியது, ஏணியிலிருந்து விழுந்தான், இடுப்பு உடைந்தது.

திருவொற்றியூரில் வீட்டு வாசலில் உட்கார்ந்து இப்போது மிக்சி ரிப்பேர் பார்க்கிறான். இனி ஏணி ஏற முடியாது. ஞாயிறுதோறும் போகிறேன். அவன் திட்டியதே இல்லை, அதுதான் தாங்கவில்லை. ஒருநாள் அழுதேவிட்டேன். அவன் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே சொன்னான்:

"டெஸ்டரு எரியுதுன்னுச்சு, நீ ஒண்ணியும் இல்லன்ன. நான் உன்னத்தான் நம்புனேன் மாமு."

இப்போதெல்லாம் அணைத்த ஒயரைக்கூட எர்த்தில் கட்டாமல் நான் தொடுவதில்லை, அந்தப் புத்திக்குக் கொடுத்த இடுப்பு மட்டும் என்னுடையது இல்லை.