ஊக்கு குத்திய பெல்ட்

எங்கள் வீட்டில் எனக்கு எதையும் அளவாக வாங்கியதில்லை. தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம்தான். ஆனாலும் எனக்கு வாய்த்த உடுப்பெல்லாம் என்னைவிடப் பெரியவை. "வளர்ற பிள்ளைதான" என்று அம்மா எப்போதும் பெரிதாகவே எடுப்பாள். இடுப்பில் மடித்துப் பிடித்து ஊக்கு குத்திவிடுவாள். அதற்கென்றே அவள் வளையலில் நாலைந்து ஊக்குகள் எந்நேரமும் தொங்கும். நான் வளர்ந்து அந்த உடுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் அது நைந்துவிடும் என்பது வேறு விஷயம்.

தீபாவளி வியாபாரம் முடிந்து கடையை அடைக்கிற அந்த ஒரு நாளில்தான் எங்கள் வீட்டில் வெளியே போவோம். எனக்கு எட்டு வயதாக இருந்த வருஷம், பெருங்குடிப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் மணலைக் கொட்டிப் பாதை போட்டு, திறந்த வண்டிகளை ஓட்டிப் பார்க்க விட்டார்கள். கதவு கிடையாது, கூரை கிடையாது. இரும்புக் குழாய்களை வளைத்து ஒரு கூடு, உள்ளே இரண்டு இருக்கை, தடித்த சக்கரங்கள். என் வகுப்பில் ஒருத்தி அதில் போய்வந்துவிட்டு என் உயிரை எடுத்தாள். நான் வீட்டில் இருந்தவர்களின் உயிரை எடுத்தேன். அப்பா கால் வலி என்று படுத்துக்கொண்டார். அம்மாவையும் என்னையும் சித்தப்பா காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சைதாப்பேட்டை தாண்டுவதற்குள்ளேயே "வந்துட்டமா, வந்துட்டமா" என்று கேட்டு இருவரையும் ஒருவழி ஆக்கிவிட்டேன்.

வண்டிகளைக் கவனித்துக்கொண்ட ஓர் அக்கா என்னை இருக்கையில் உட்காரவைத்துப் பார்த்தாள். என் கால்கள் அந்தரத்தில் ஆடின. பெல்ட் மடியில் தொளதொளவென்று கிடந்தது. அதை இறுக்குகிற கொக்கியில் மணல் புகுந்து அசையவே இல்லை.

"முதுகு சீட்ல படணும், கால் கீழ ஊனணும், பெல்ட்டு இடுப்பப் புடிக்கணும். இல்லன்னா வுட மாட்டோம் பாப்பா. அடுத்த வருஷம் வா, இன்னா?" என்று சொல்லிவிட்டு அவள் வேறு வண்டிக்குப் போனாள்.

அடுத்த வருஷம் என்பது எனக்குப் பெயர் தெரியாத ஊர் மாதிரி இருந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அழுதேன். சித்தப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. அளவு சரியில்லை என்று எந்த வாடிக்கையாளரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர் அவர்.

"இதுக்கா அழுத? பிடிச்சு விட்டாப் போச்சு" என்றார்.

கார் டிக்கியில் கிடந்த வேட்டிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். கால் ஊன்றியது. பிறகு, "மதினி, ஊக்கு குடுங்க" என்றார். அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு வளையலிலிருந்து கழற்றினாள். பெல்ட்டை இரண்டு மடிப்பாகப் பிடித்து, கடையில் ரவிக்கைக்குப் பிடிப்பது போலவே நேர்த்தியாகக் குத்தினார்கள். அதன்மேல் என் பட்டுப்பாவாடையை இழுத்துவிட்டார்கள். அந்தப் பாவாடையும் பெரியதுதான். ஊக்கு, வேட்டிக் கட்டு, கால் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

அக்கா திரும்பி வந்து பெல்ட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது.

"கால் எட்டுதா?"

"எட்டுது" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லையே.

சித்தப்பா ஓட்ட, வண்டி கிளம்பியதும் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்று கத்தினேன். முதல் மேட்டில் வேட்டிக் கட்டு உருண்டு வெளியே விழுந்தது. சித்தப்பா வேகத்தைக் குறைத்தார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த வளைவில் இடுப்பருகே டப்பென்று ஏதோ விட்டது. பெல்ட் தளர, நான் வழுக்கிக்கொண்டு கதவில்லாத பக்கமாகச் சரிந்தேன். எனக்கு அது ஊஞ்சல் போலத்தான் இருந்தது. அப்போது பார்த்துச் சித்தப்பா என்மேல் விழுந்தார். வண்டி அதன்போக்கில் போய், ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் முட்டி நின்றது.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. சித்தப்பாவின் இடது கை குழாய்க்கும் எனக்கும் நடுவில் மாட்டி மணிக்கட்டில் முறிந்திருந்தது. உள்ளங்கையில் ஓர் ஊக்கு ஏறியிருந்தது. நான் அழுதேன். ஒரு சுற்றுகூட முடியவில்லையே என்றுதான் அழுதேன்.

அக்கா ஓடிவந்து பெல்ட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"பெல்ட்டு இன்னா பொடவையாம்மா, மடிப்பு வச்சி ஊக்கு குத்தறதுக்கு? புள்ள வெளிய வுழுந்து வண்டி மேல ஏறியிருந்தா இன்னா பண்ணுவ?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா வளையலில் மிச்சமிருந்த ஊக்குகளைக் கழற்றி மணலில் போட்டாள். வளைந்த ஊக்கைக்கூட நிமிர்த்தி வைத்துக்கொள்கிற அம்மா. நான் ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தேன், அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டில் அப்பா கேட்டபோது, "வளைவுல வண்டி கைக்கு அடங்கல அண்ணே. எனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்றார் சித்தப்பா. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ஈரோட்டிலிருந்து கடைச் சரக்கை வேனில் ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டுவருகிற மனிதர் அவர்.

நான் அதை அப்படியே நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? பள்ளிக்கூடத்தில், கல்யாண வீடுகளில், கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், எங்கள் சித்தப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று சொல்லித் திரிந்தேன். அவரும் பக்கத்தில் நின்று, "ஆமா, அவ சொல்லுதது சரிதான்" என்று சிரிப்பார்.

கையில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, நான் இருக்கிற காரைச் சித்தப்பா ஓட்டவே இல்லை. அப்பா ஓட்டுவார், சித்தப்பா பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். அடையாறு சிக்னலில் அப்பா பிரேக் போட்டால் போதும், கொஞ்சம் கோணலாகக் கூடிய அந்த இடது கை என் மார்புக்குக் குறுக்கே வந்து நிற்கும். "கைய எடுங்க சித்தப்பா, புழுக்கமா இருக்கு" என்று தட்டிவிடுவேன். எடுத்துக்கொள்வார். அடுத்த சிக்னலில் மறுபடியும் வரும். அது அன்றைக்கு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு என்னிடம் வந்த கை என்று எனக்குத் தெரியாது. மறுபடியும் தட்டிவிடுவேன்.