பச்சைக் கட்டத்தில் இரண்டு சாமி

நம் வீட்டுக்கு எதிரே இருக்கிற பூங்காவில் ஒரு பூவரசும் ஒரு வேம்பும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றனவே, அவற்றை யார் நட்டது என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் உங்கள் அம்மா சிரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவள் சொல்லப் போவதில்லை. நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

அப்போது நாம் தாம்பரத்தில் ஒண்டுக் குடித்தனம் இருந்தோம். எனக்கு லேத் பட்டறையில் வேலை. உங்களுக்கு விளையாட இடம் என்றால் சைக்கிளுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே உள்ள சந்துதான். பந்து சுவரில் பட்டால் வீட்டுக்காரர் வெளியே வந்து நிற்பார். படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற வழியில் மனை போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றிலும் கருவேல முள். கல் ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின.

"இங்க குடித்தனம் வந்தா பேச்சுத் துணைக்கு லாரிதான்" என்றாள் அம்மா.

மனைக்காரர் படத்தை விரித்துக் காட்டினார். நடுவில் பச்சை மை தீட்டிய ஒரு கட்டம் இருந்தது. அது என்ன என்று அம்மா கேட்டாள்.

"பூங்காம்மா. பசங்க விளையாட. ஊஞ்சல் கீஞ்சல் எல்லாம் வரும்."

அம்மா அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "நெசமா வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். "அப்போ இந்தப் பச்சைக்கு எதிர்ல மனை கிடைச்சா வரேன்" என்றாள். அப்படித்தான் இங்கே வந்தோம்.

வந்து பார்த்தால் பச்சைக் கட்டத்தில் முள்ளும் ஒரு பள்ளமும்தான். இருந்தாலும் நீங்கள் ஒரு மூலையைச் சுத்தம் செய்து விளையாட ஆரம்பித்தீர்கள். பின்னால் இருந்த உபதேசியார் வீட்டுப் பிள்ளைகளும், பால்காரம்மாவின் பேரன்களும் சேர்ந்துகொண்டார்கள். உபதேசியார் சின்ன ஜெபக்கூடம் ஒன்றை நடத்திக்கொண்டு, பகலில் தச்சு வேலையும் பார்த்தவர். பால்காரம்மாவோ மனை போடுவதற்கு முன்பிருந்தே இங்கே மாடு வைத்திருந்தவர்.

ஒருநாள் சங்கிலி பிடித்து அளக்க ஆட்கள் வந்தார்கள். அந்த இடத்தில் குடோன் வரப்போகிறதாம். மனைக்காரரைப் பிடித்துக் கேட்டேன்.

"பார்க்குன்னா பார்க்கு மாதிரி இருக்கணும் இல்ல? முள்ளுதான கீது" என்றார்.

அன்றைக்கு அம்மா சோறு போட்டுவிட்டு, "பூங்கா வரும்னு சொன்னது யாரு?" என்றாள்.

"அந்த ஆளு."

"நான் இங்க வந்தது அந்த ஆளை நம்பியா?"

கை கழுவிவிட்டு உபதேசியார் வீட்டுக்கும் பால்காரம்மா வீட்டுக்கும் போனேன்.

எல்லோருமாகத் தாலுகா ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தோம். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். அவர் வருவதற்குள் சுவர் எழுப்பிவிட்டால் என்ன செய்வது? பால்காரம்மாதான் யோசனை சொன்னார். "ஒரு கல்லை வச்சு மஞ்சள் தடவுங்க. சாமி இருக்கிற இடத்துல எவன் கை வைப்பான்?" எங்களுக்கும் சரி என்று பட்டது. வெள்ளிக்கிழமை காலை, அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கிடந்த பெரிய கருங்கல்லைக் கொண்டுவந்து நட்டு, மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, கற்பூரம் காட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உபதேசியாரும் அவர் ஆட்களும் சவுக்குக் கம்பில் ஒரு சிலுவை செய்து, சுண்ணாம்பு அடித்து, கல்லுக்குக் கொஞ்சம் தள்ளி நட்டார்கள்.

"இது இன்னா உபதேசியாரே?" என்று பால்காரம்மா கேட்டார்.

"உங்க சாமி ஒண்ணே தனியா காவல் காக்குதே. துணைக்கு இருக்கட்டும்."

மறுநாள் மனைக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தோம். அவரோ வண்டியை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. இங்க ஒரு கோயிலு, அங்க ஒரு சர்ச்சு. பார்க்கு எங்க கீது? நாளன்னிக்கு ஆபீசர் வராரு. பார்க்கு இல்லன்னு இவங்களே முடிவு பண்ட்டாங்கன்னு காட்டிடறேன்."

அவர் போன பிறகு கல்லையும் சிலுவையையும் சுற்றிக் கூடினோம். இரண்டையும் எடுத்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. யார் எடுப்பது என்பதுதான் தகராறு.

"கற்பூரம் காட்டினது. எங்க ஆளுங்க எவன் பிடுங்கினாலும் வூட்டுக்கு ஆவாது" என்றார் பால்காரம்மா. "மொதல்ல அவங்க எடுக்கட்டும்."

"ஜெபம் பண்ணி நட்டதும்மா. பிடுங்க எனக்குக் கை வராது" என்றார் உபதேசியார். "நீங்க மொதல்ல எடுங்க."

"நட்டுகினு இருந்தப்ப கை வந்துச்சா?"

"உங்களைப் பாத்துத்தானே நட்டோம்."

இப்படியே இருட்டும் நேரம் ஆகிவிட்டது. அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அம்மா சின்னவனை இடுப்பில் வைத்தபடி நடுவில் வந்தாள்.

"யக்கா, நீங்க அந்தச் சிலுவையத் தொட்டா உங்களுக்குக் குத்தமா?"

"எனக்கு இன்னாத்துக்குக் குத்தம்? அது அவங்க சாமி."

"அண்ணே, நீங்க அந்தக் கல்லைத் தொட்டா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி."

"அப்போ மாத்தித் தூக்குங்களேன்."

உபதேசியார் பால்காரம்மாவைப் பார்த்தார். பால்காரம்மா உபதேசியாரைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தது என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை உபதேசியார் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் ஆட்களோடு கல்லைத் தூக்கினார். பால்காரம்மா பின்னாலேயே போனார். "சாய்க்காதீங்க. அம்மன் முகம் கெழக்கால இருக்கணும்."

"முகம் எந்தப் பக்கம்னு சொல்லும்மா, திருப்பறேன்" என்றார் உபதேசியார் மூச்சு வாங்கிக்கொண்டே. கல் மாட்டுக் கொட்டகைப் பக்கமே போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் அங்கே விளக்கு எரிகிறது.

சிலுவையைப் பால்காரம்மாவும் நானும் எடுத்தோம். எடுப்பதற்கு முன் அவர் ஒரு தேங்காயை உடைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "சொல்லாம கொள்ளாம எடுக்கலாமா?" என்றார். உபதேசியார், "தரையில இழுக்காதீங்க தம்பி" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அதை ஜெபக்கூடத்து வாசலில் சேர்த்தோம். தேங்காய் உங்கள் எல்லோருக்கும் வந்தது.

இரண்டு குழிகள் மிச்சமாயின. ஒன்றில் வேப்பங்கன்றும் இன்னொன்றில் பூவரசங் கிளை ஒன்றும் நட்டோம். அன்று முழுக்க முள் வெட்டினோம். உபதேசியார் மீதிச் சவுக்குக் கம்புகளை நட்டுக் குறுக்கே ஒரு கட்டை போட்டார். பட்டறையில் கிடந்த பழைய லாரி டயரை அதில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன்.

அதிகாரி வந்தபோது டயருக்காக நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"சார், முந்தாநாள் இங்க கோயிலும் சர்ச்சும் இருந்துச்சு" என்றார் மனைக்காரர்.

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். உபதேசியாருக்குப் பொய் வராது. "இருந்துச்சுங்க" என்றார்.

"இப்போ எங்கே?"

"எடுத்துட்டோம் சார்" என்றார் பால்காரம்மா. "எங்க சாமிய அவரு தூக்கினாரு. அவரு சாமிய நான் தூக்கினேன்."

அதிகாரி அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் எடுத்தீங்க?"

உங்கள் அம்மாதான் பதில் சொன்னாள். "கும்பிட எங்களுக்கு வேற இடம் இருக்கு சார். பிள்ளைங்க விளையாடத்தான் வேற இடம் இல்ல."

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு குழியில் நின்ற இரண்டு கன்றுகளையும் பார்த்துவிட்டு மனைக்காரரிடம், "படத்துலயும் பச்சைதான், தரையிலயும் பச்சைதான்யா. கொஞ்சம் வாடியிருக்கு. தண்ணி ஊத்தச் சொல்லு" என்றார்.

இடத்தைப் பஞ்சாயத்து எடுத்துக்கொண்டது. குடோன் வேறெங்கோ போனது. தண்ணீர் ஊற்றியது நீங்கள்தான், உங்களுக்கு நினைவிருக்காது.

அதிகாரி போன அன்று சாயங்காலம், உங்களையெல்லாம் இறக்கிவிட்டு அம்மா அந்த டயரில் ஏறி உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "வரும்னு சொன்னீங்க இல்ல, தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். பால்காரம்மா பார்த்துவிட்டார். அதனால்தான் மரத்தைப் பற்றிக் கேட்டால் அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.