தலைமன்னாரில் விட்டு வந்த கூறை

தோல் பெட்டியில் சோக்குக் கட்டியை இழுத்தால் ஒரு சத்தம் வரும். பல்லைக் கூசவைக்கிற சத்தம். அந்த நாளில் தலைமன்னார் இறங்குதுறையில், பெட்டியைத் திறந்து பார்த்து முடிந்ததும் சுங்க அதிகாரி அதன் மேல் சோக்கால் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போடுவார். புள்ளடி விழுந்தால் போகலாம்.

எங்கள் பெட்டிக்கு அது விழவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எழுபதுகளின் நடுவில்தான் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. இறக்குமதித் தடையால் வெளிச் சாமான் எதுவும் இலங்கைக்குள் வராத காலம்... இந்தியப் பட்டைக் கண்ணாலும் காண முடியாது. தாலி கட்டும்போது உடுக்கிற கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தர வேண்டியது. அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் அக்கா, என் மச்சாள், தன்னுடைய கூறையை இரவல் தந்தார். அதைக் கட்டிக்கொண்டுதான் மணவறையில் இருந்தேன்.

நாலாம் நாள் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மச்சாள் அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கறை கிறை ஒண்டும் படேல்லைத்தானே?"

இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன்.

"இந்தியாவுக்குக் கப்பல் போக்குவரத்துச் சுகமாகட்டும், உமக்கெண்டு ஒரு கூறை நான் எடுத்துத் தாறன்" என்றார் என் மனுசன். சொன்ன சொல்லை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

அவர் எங்கள் ஊர்த் துறைமுகத்தில், ஸ்டோர்ஸில் கணக்கெழுதுகிற கிளாக். ஊருக்கெல்லாம் நல்லவர்... அதுதான் வில்லங்கம். ஆர் என்ன கதைத்தாலும் "ஓம், ஓம்" என்பார். எங்கள் ஆட்கள் எல்லோருக்குமே அந்தப் பழக்கம் உண்டு. சம்மதத்துக்கும் ஓம், நீ சொல்வது காதில் விழுகிறது என்பதற்கும் ஓம். ஆனால் இவருடைய வாயில் அது மூச்சு மாதிரி.

எழுபதுகளின் கடைசியில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. இரண்டு பேருமாக வவுனியாவில் பஸ் மாறி, மன்னார் போய், கப்பலேறி, திருச்சிக்குப் போனோம். போகிறோம் என்று எங்கள் ஊர் பாலையூற்றில் நாலு வீட்டுக்குச் சொன்னதுதான் தாமதம். பக்கத்து வீட்டு ரீச்சருக்கு ஒரு சாறி, ஒபிசில் பெரியவரின் மனிசிக்கு இரண்டு, மச்சாளுக்கு நீலத்தில் ஒன்று... எல்லாவற்றுக்கும் ஓம்.

திருச்சிக் கடையில் நாங்கள் கதைக்கிற விதத்தைக் கேட்டுவிட்டு, "கேரளாவா சார்?" என்றார் கடைக்காரர். அதற்கும் இவர் ஓம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு எனக்கு எல்லாமே சந்தோசம். அரக்குச் சிவப்பில், அகலமான சரிகைக் கரையோடு ஒரு கூறை. கடைக் கண்ணாடிக்கு முன்னால் தோளில் போட்டுப் பார்த்தேன். "உமக்கெண்டே நெய்தது" என்றார். அந்த வயதில் அதற்கு மேல் என்ன வேண்டும்.

திரும்பி வந்து தலைமன்னாரில் இறங்கியபோது நல்ல வெயில். வரிசை நீளம். அதிகாரி பெட்டியைத் திறந்து சாறிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேசையில் வைத்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர்.

"இவ்வளவும் விக்கிறதுக்குத்தானே?"

"ஓம்... ஓம்..." என்றார் என் மனுசன்.

"ஐயா, அவர் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு சொன்ன ஓம் அது. விக்கிறதுக்கு இல்லை" என்றேன்.

"ஓம் எண்டா ஓம்தானே அம்மா" என்றார் அவர், பறிமுதல் எழுதப் பேனையை எடுத்துக்கொண்டே.

நான் விடவில்லை. கலியாணத்துக்கு இரவல் கூறை கட்டின கதையை, பின்னால் நிற்கிற சனம் கேட்கக் கேட்கச் சொன்னேன். அந்த மனிதருக்கு இரக்கம் வந்தது போல. "சரி, ஒண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கோ. மிச்சம் இஞ்ச நிக்கட்டும்" என்றார்.

இனித்தான் கேளுங்கள்.

நான் கையை நீட்டுவதற்குள் என் மனுசன் எடுத்துவிட்டார். நீலச் சாறியை. மச்சாளுடையதை.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?"

"அக்காவுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது? அவ தந்த கூறையிலதானே எங்கட கலியாணம் நடந்தது. உமக்குப் பிறகு எடுக்கலாம்."

அந்த ஓம் வாய் தவறி வந்தது. அதை மன்னிக்கலாம். இது வாய் தவறவில்லை, கை தவறவில்லை. பார்த்து, யோசித்து எடுத்தது.

வீடு வந்து ஒரு கிழமை, சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். மச்சாள் அந்த நீலச் சாறியைக் கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்லாயிருக்கோ என்று என்னையே கேட்டார். நல்லாயிருக்கு என்றேன்.

பிறகு, பிறகு என்றார்... பிள்ளைகள் பிறந்தார்கள். கப்பலும் நின்றுபோனது. பிறகு வந்த யுத்தமெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதானே, அந்தக் காலத்தில் ஆருக்குச் சேலை நினைவு.

இப்போது என்ன குறை? போனை நோண்டினால் காஞ்சிபுரம் வாசலுக்கு வருகிறது. போன மாதம் கனடாவில் இருந்து மகள் எங்கேயோ ஓர்டர் பண்ணி அனுப்பியிருந்தாள். அரக்குச் சிவப்பு, சரிகைக் கரை. அன்றையதை விட விலை கூடினது, பாரமானதும் கூட.

இவர் பார்சலைத் தன் கையால் பிரித்து, ஒரு தட்டத்தில் வைத்து, பூவும் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். எண்பதை நெருங்குகிற வயது.

"இந்தாரும், உம்மட கூறை."

"ஆர் எடுத்தது?" என்று கேட்டேன்.

அவர் தட்டத்தில் இருந்த பூவைச் சரிப்படுத்தினார்.

தட்டத்தை வாங்கி அலுமாரிக்குள் வைத்தேன். அது மகள் அனுப்பின சாறி. தைப்பொங்கலுக்குக் கட்டுவேன். கூறை எனக்கு இல்லை.