நோர்வேக்கும் ஒரு லைசன்ஸ்

டென்மார்க்கின்ரை கோல்டிங்கிலை மேனுஜா மனநல ஆலோசனைக்கெண்டு ஒரு அறை எடுத்தபோது, எங்கடை சனம் வாழ்த்தினதுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வந்ததுக்குத்தான் குறைச்சல். ஒருநாள் அவளின்ரை வாசலிலை ரெண்டு தமிழ் மனுசிமார் நேருக்கு நேர் முட்டுப்பட்டுப் போச்சினம். "நான் மேல்மாடிப் பல்லு டொக்டரிட்டை வந்தனான்" எண்டா ஒருத்தி. "நானும்தான்!" எண்டா மற்றவ. பிறகென்ன, ரெண்டுபேரும் மேலை ஏறிப் பல்லைக் காட்டிப்போட்டுத்தான் வீட்டை போச்சினம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே, பாவம் அதுகளும் என்ன செய்யும்! டெனிஷ்காரர் வந்தபடியால் மேனுஜாவுக்குத் தொழில் நடந்துது.

எங்கடை ஆக்களிலை துணிஞ்சு வந்தவள் ஜெசிக்கா ஒருத்திதான். ஆறாம் மாசத்திலை பிள்ளை வயித்துக்குள்ளையே செத்துப்போக, புருசனோடைகூடக் கதைக்கிறதை விட்டவள். ஒரு வருசமாய் மேனுஜாவிட்டை வந்து அழுது, கதைச்சு, மெல்லமெல்லச் சிரிக்கவும் தொடங்கினாள். அந்த நேரம் பாத்துப் புருசனுக்கு நோர்வேயிலை வேலை கிடைச்சுது.

"வீடியோவிலை கதைக்கலாம்தானே அக்கா?"

ஏலாது. நோர்வேயிலை இருக்கிற ஆளைப் பாக்க நோர்வே லைசன்ஸ் வேணும். மேனுஜா விண்ணப்பிச்சுப்போட்டுக் காத்திருந்தாள்.

ஜெசிக்காவின்ரை தகப்பன் யோசேப் பக்கத்து ஊர் பிரெடெரிசியாவிலிருந்து போன் அடிச்சுச் சத்தம்போட்டார். "பிள்ளை, நீர் கதைக்கிறதை ஆர் பாக்கப்போகினம்? அவள் வேறை ஆரோடையும் கதைக்கமாட்டன் எண்டு நிக்கிறாள்!"

"அங்கை ஒரு தமிழ் ஆலோசகர் இருக்கிறாதானே அங்கிள்?"

"அவ மாப்பிள்ளையின்ரை தாய்க்கு ஒண்டுவிட்ட தங்கச்சியல்லோ!"

மேனுஜாவுக்கு ஜெசிக்காவை நினைக்கப் பாவமாய்த்தான் கிடந்துது. ஆனால் களவாய்க் கதைக்க மனம் வரேல்லை. பிடிபட்டால் இருக்கிற லைசன்சும் போயிடும், பிறகு அந்தப் பெட்டைக்கு ஆர்?

மாரி முடியிற நேரம் ஒரு காலமை நோர்வேயிலிருந்து அனுமதி வந்துது. "அப்பாடா!" எண்டு அவள் போட்ட சத்தத்திலை பல்லு டொக்டரே கீழை இறங்கி வந்து எட்டிப்பாத்தார்.

அண்டைக்கே வீடியோ போட்டாள். ஜெசிக்கா மெலிஞ்சுபோய் இருந்தாள்.

"அக்கா, இனி உங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாதுதானே?"

"கேக்கேலாது. நீர் சொல்லும்."

"எனக்கு மூண்டு மாசம் அக்கா. அவருக்குக்கூடச் சொல்லேல்லை. வாயைத் திறந்தால் இதுவும் போயிடுமோ எண்டு பயம். நீங்கள் வரட்டும் எண்டு பொத்திப்பொத்தி வைச்சிருந்தனான்."

மேனுஜாவுக்குச் சந்தோசமும் அழுகையும் ஒண்டாய் வந்துது. விசர்ப் பிள்ளை, இவ்வளவு நாளும் இதைத் தனியச் சுமந்திருக்கிறாளே!

"மனுசன் எங்கை?"

"குசினிக்கை சமைக்கிறார்."

"போய்ச் சொல்லும். நான் லைனிலை நிக்கிறன்."

ஜெசிக்கா எழும்பிப் போனாள். திரையிலை வெறுங்கதிரை. கொஞ்ச நேரத்தாலை குசினிக்குள்ளை ஒரு ஆம்பிளை விம்மிவிம்மி அழுகிற சத்தம் கேட்டுது. அதோடை ஜெசிக்காவின்ரை சிரிப்பும் கேட்டுது. மேனுஜா கண்ணைத் துடைச்சுக்கொண்டு லைனிலையே நிண்டாள்.