காட்டுக் காளையும் கசநோய் ஊசியும்

மாட்டுக்குக் கசநோய் சோதிப்பவன் முதல் நாள் ஊசி போடும்போது ஓர் உதையும், மூன்றாம் நாள் வீக்கம் பார்க்க வரும்போது இன்னோர் உதையும் வாங்குவான். என்னைப் போல அரச சம்பளத்தில் உதை வாங்கும் சகோதரர்களே, உட்கார முடிந்தால் உட்கார்ந்து வாசியுங்கள்.

பூசிய கழுத்து

யுத்தம் முடிந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் சனங்கள் திரும்பி வந்த காலம். பூரணம் அக்கா கணவரை எறிகணை விழுந்த செல்லடியில் இழந்தவர். மிஞ்சிய ஐந்து மாடுகளில் பால் தந்தது வெள்ளைச்சி மட்டும்தான். அந்தப் பாலில்தான் வீடு நடந்தது.

கழுத்துத் தோலில் மருந்தை ஏற்றி, அந்த இடம் வீங்கினால் நோய், ஊர்ப்பேச்சில் வருத்தம், இருக்கிறது என்று விளக்கிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போனால் ஐந்து கழுத்திலும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக் கிடந்தது. வெள்ளைச்சிக்கு லேசாக வீங்கியதாம். மற்றதுகளுக்கு முன்கூட்டியே வைத்தியம். சுடுதண்ணி ஒத்தடம் வேறு. ஐந்தும் உப்பியிருந்தன. எந்த வீக்கம் நோயால் வந்தது, எது அக்காவால் வந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். சில வாரம் கழித்துத் திரும்பவும் ஊசி போடவேண்டும் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னேன்.

"வீங்கினா வருத்தம் எண்டீங்க. வத்தவெக்கத்தான் பாத்தன் தம்பி. நீங்க கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாமே."

படத்தில் இருந்த பிராணி

இடையில் மேலிடத்திலிருந்து ஒரு பெரிய வைத்தியர் வந்தார். வெளிநாடொன்றில் பேட்ஜர் என்று வளை தோண்டி வாழும் காட்டுப் பிராணி மாடுகளுக்குக் கசநோயைப் பரப்புகிறதாம். அதைச் சுடுவதா, அதற்கும் ஊசி போடுவதா என்று அங்கே பெரிய சண்டையாம். எனக்கு மாட்டுக்கு ஊசி போடவே நாக்குத் தள்ளும். நம் காட்டிலும் அப்படி ஏதாவது இருக்கும், தேடு என்று, மூஞ்சியில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட அந்தப் பிராணியின் படமொன்றை நீட்டினார். அக்காவின் பட்டியை மேய்க்கும் வேலன் அண்ணன் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"இத நான் கண்டதில்ல ஐயா. நாங்க இடம்பெயரக்குள்ள உட்டுட்டுப் போன மாடுதான் காட்டுக்குள்ள நிக்கிது. அதுக்கு மூஞ்சில கோடு இல்ல."

காளையின் தொடை

அப்படியொரு காளை பட்டியோடு கலந்து மேய்ந்து, மாலையில் வெள்ளைச்சியோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆளைக் கண்டால் பாயும். அதைக் கயிறு போட்டுப் பிடிக்க ஊரே திரண்டது. நான் மருத மரத்தின் மேலிருந்து வழிகாட்டினேன். ஊசி போட்டுக் கட்டிவைத்ததில், மூன்றாம் நாள் கழுத்து நாங்கள் தேசிக்காய் என்கிற எலுமிச்சை அளவு வீங்கியது.

காட்டு மாட்டுக்கு யார் பொறுப்பு என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். எங்கள் பக்கம் கன்றாக இருக்கும்போதே மாட்டுக்குச் சொந்தக்காரரின் குறியைச் சுட்டுவிடுவார்கள். தொடையில் சேற்றைக் கழுவியதும் அது தெரிந்தது. அக்காவின் கணவர் சுட்ட குறி. அக்கா அதை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"ஓம், எங்கட மாடுதான். வருத்தமும் எங்கட வீட்டுச் சாமான்தான், வெளியில வாங்கயில்ல."

லொறி ஏறிய வெள்ளைச்சி

காளையை அறுப்புக்கு லொறியில் ஏற்றி அனுப்பியாயிற்று. மறு சோதனைக்கு அக்கா எதையும் பூசவில்லை. வெள்ளைச்சியின் கழுத்து வீங்கியிருந்தது. மற்ற நாலும் தப்பின. வெள்ளைச்சியையும் அகற்றாவிட்டால் மீதியும் போகும், பால் குடிக்கிற பிள்ளைகளுக்கும் தொற்றும். அதைச் சொல்வதற்குப் பதிலாகப் பைக்குள் எதையோ தேடினேன். அக்காவே கயிற்றை அவிழ்த்து லொறிவரை நடத்திக்கொண்டு போனார்.

"அவர் போகக்குள்ள பக்கத்தில நிக்கக் கிடைக்கல்ல தம்பி. இவளயெண்டாலும் நானே கொண்டுவந்து ஏத்திறன்."

நோயைக் கண்டுபிடித்த கெட்டிக்காரனுக்கு அன்று அந்த வீட்டில் பாலில்லாத தேத்தண்ணி கிடைத்தது; சீனியை மட்டும் அக்கா குறைக்கவில்லை.